இரண்டாவது ஆம்புலன்ஸ்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை போனில் சொன்னார், அதை நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். என் சுகத்தைக் கேட்டால், சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, இடது முழங்கால் மட்டும் படி ஏறும்போது நறநறவென்று சத்தம் போடுகிறது, மற்றபடி உடம்பைப் பற்றிப் புகார் சொல்ல ஒன்றுமில்லை. மனசைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. போனில் சொன்னால் என்ன என்று நினைப்பாய். நான் போன் செய்தால் நீ எடுத்து, இருங்க, அவர்கிட்ட கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாய். மூன்று வருஷமாக இதுதான் நடக்கிறது. அதற்கு முன்னால் என்னை எப்போது நீ இருங்க போங்க என்று பேசியிருக்கிறாய்? மாப்பிள்ளை தங்கமான மனிதர், குட்டிக்குப் பல் விழுந்தது முதல் உன் ஆபீஸில் லிஃப்ட் நின்றுபோனது வரை ஒன்று விடாமல் சொல்கிறார், பாவம். ஆனால் இது அவர் வாய் வழியாக உனக்கு வர வேண்டிய விஷயம் இல்லை. கிழித்துப் போடுவதாக இருந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

முதலில் வீட்டுச் சேதி. கூடத்தில் கால் வைக்க இடமில்லை. நகரசபைத் தேர்தலில் நம் வார்டுக்கு நான் நிற்கிறேன் என்பது மாப்பிள்ளை சொல்லி உனக்குத் தெரிந்திருக்கும், இன்னும் மூன்று நாளில் ஓட்டு. உன் மாமாதான் வேலை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறான். பார்த்துக்கொள்கிறான் என்றால், நோட்டீஸ் கட்டுகளை அப்பாவின் கட்டில்மேல் அடுக்கிவிட்டு, குடித்த டீ கிளாஸையும் அந்த நோட்டீஸ்மேலேயே வைத்துவிட்டு, அக்கா, நூறு பர்சன்ட் ஜெயம்தான் என்கிறான். என் தம்பிக்கு வாய் மட்டும் இல்லையென்றால் அவனை நாய் தூக்கிக்கொண்டு போய்விடும். எனக்குக் கிடைத்த சின்னம் கத்தரிக்கோல். ஊசிக்கே பயப்படுகிற ஜனம், நர்ஸம்மா கத்தரிக்கோலோடு வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளும் என்று இரண்டு நாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே நிற்பவர் மரக்கடைக்காரர், அவருக்கு நாற்காலி கிடைத்தது. அதிர்ஷ்டக்காரர், கடையில் கிடக்கிற நாற்காலிகளையே வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டுவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, சிரித்த முகம், எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என் முகத்தைத்தான் உனக்குத் தெரியுமே, வாழ்த்துச் சொன்னால்கூடத் திட்டுவது போல இருக்கும் என்று உன் அப்பா சொல்வார்.

நான் எதற்காக நின்றேன் என்று உனக்குத் தெரியும், தெரிந்துதான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன், வருஷத்துக்கு ஒரு மாதம் வீட்டுக்கு வந்தேன். உனக்குத் தலை பின்னியது அப்பா, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது அப்பா, நீ வயசுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு வந்து உனக்குச் சொன்னதும் அப்பா. பார்சல் ஆபீஸில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து இத்தனையும் செய்தார். நான் லீவில் வந்தால் நீ அவர் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாய். அதைச் சொல்லி அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன், உள்ளே வயிறு எரியும். அப்படிப்பட்ட மனிதருக்காக ஊரில் ஒன்றாவது செய்ய வேண்டும், கேட்டில் நின்றாலும் உள்ளேயே நெஞ்சு வலிக்கு வைத்தியம் பார்க்க வசதியுள்ள இன்னொரு ஆம்புலன்ஸை இந்த ஊருக்கு வாங்க வைக்க வேண்டும் என்றுதான் நின்றேன். வேறு எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. சாக்கடை, தெருவிளக்கு என்று மாமா ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வந்தான், அதை நானே கிழித்தேன். இரண்டாவது வண்டி இருந்திருந்தால் என் வீட்டுக்காரர் இன்றைக்கு உயிரோடு இருப்பார், உங்கள் வீட்டில் அப்படி நடக்க வேண்டாம் என்று நாற்பது நாளாக வாசல் வாசலாக நின்று சொன்னேன்.

அன்று நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் மறுபடி வரிசையாக எழுதுகிறேன், வரிசை முக்கியம். செவ்வாய்க்கிழமை மதியம் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆட்டோவில் ஏற்றி நம் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூன்று மணிக்கு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த சின்ன டாக்டர், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, இங்கே ஒண்ணும் செய்ய முடியாது என்றார். ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. அதே நேரத்தில் பிரசவ வார்டிலிருந்து தையல்காரரின் மருமகளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள், குழந்தை பிறந்து அரை மணி நேரமாக ரத்தம் நிற்கவில்லை. பழைய வண்டி, ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர். சின்ன டாக்டர் அவளைப் பார்க்கிறார், அப்பாவைப் பார்க்கிறார், கடைசியில் என்னைப் பார்த்து, மேடம், நீங்க பட்டாளத்துல இதெல்லாம் பார்த்தவங்க, நீங்களே சொல்லுங்க என்றார். தினமும் மூன்றே காலுக்குக் கூட்ஸ் வண்டிக்காக ரயில்வே கேட் போடுவார்கள், அதன் பின்னாலேயே பாசஞ்சர் வரும், அரை மணிக்குக் குறையாமல் ஆம்புலன்ஸ் அங்கே நிற்கும், ஆக மொத்தம் பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒரு மணி நேரம். நாடியைப் பிடித்துப் பார்த்தேன், உதடு நீலமாகிக்கொண்டிருந்தது, அப்பா ஒரு மணி நேரம் தாங்க மாட்டார். அந்தப் பெண், வயிற்றை ஒருத்தர் அழுத்திப் பிடித்துக்கொண்டே போனால் தாங்குவாள். அவளை ஏற்றுங்கள் என்றேன். வண்டி கிளம்பியது மூன்று பத்துக்கு. அப்பா போனது நான்கு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது. நீ மறுநாள் வந்து இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்று, நீ அம்மாவா நர்ஸா, எங்க அப்பாவுக்கு ஒரு தடவைகூட நீ முயற்சி பண்ணலையே என்று கேட்டாய். போர்க்களத்தில் இப்படித்தான் பிரிப்போம், யார் பிழைப்பார்களோ அவர்களைத்தான் முதலில் அனுப்புவோம், அப்பாவும் சம்மதித்துத் தலையாட்டினார் என்றேன். அதோடு நீ என்னோடு பேசுவதை நிறுத்தினாய்.

இப்போது தேர்தலுக்கு வருகிறேன். எனக்குத் தெரியாமல் உன் மாமா ஒரு நோட்டீஸ் அடித்துவிட்டான், தன் கணவரின் உயிரையே ஊருக்குக் கொடுத்த தியாகத் தாய், அந்தப் பொண்ணை முதல்ல அனுப்பு என்று சொல்லிக் கண்மூடிய கணவர் என்று கொட்டை எழுத்தில். கண்டபடி திட்டினேன். நாலாயிரம் அடிச்சாச்சு அக்கா என்று தலையைச் சொறிந்தான். கிழித்துப் போடு என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, ஜனங்கள் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போன வாரம் பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு வேட்பாளரையும் ஒரே மேடையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்க விட்டார்கள். நம் தெரு பழைய தபால்காரர் எழுந்து, ஏம்மா, எனக்கு வயசு எழுபத்தாறு, எனக்கும் ஒரு சின்னப் புள்ளைக்கும் ஒரே நேரத்துல முடியாமப் போச்சுன்னா வண்டி யாருக்கு என்று கேட்டார். யார் பிழைப்பாங்களோ அவங்களுக்கு என்றேன். அப்ப எனக்கு இல்லைங்கிறே என்றார். உங்க இதயம் இப்ப இருக்கிற நிலைமைக்கு, இல்லை என்றேன். வேறு எவளாவது இப்படிச் சொல்வாளா? மாமா கீழே உட்கார்ந்து கண்ணாலேயே கெஞ்சுகிறான், எனக்கு உறைக்கவில்லை, கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்கிறோம் என்கிற எண்ணம்தான். மரக்கடைக்காரர் எழுந்து மைக்கை வாங்கி, நான் இருக்கிற வரைக்கும் யாரையும் விட்டுட்டுப் போக மாட்டேன் ஐயா என்றார், அவ்வளவுதான், கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. அன்றோடு வார்டில் இருக்கிற கிழவன் கிழவி அத்தனை பேரும் நாற்காலிப் பக்கம் போய்விட்டார்கள். சொந்தப் புருஷனையே விட்டவ, நம்மள ஏத்துவாளா என்று குழாயடியில் பேசிக்கொள்கிறார்கள். தையல்காரரின் மருமகள் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள், முதலில் கோபம் வந்தது, பிறகு யோசித்தேன், என் முகத்தை எதிரே பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எப்படி இருக்கும்?

தோற்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. பட்டாளத்தம்மா தோற்றாள் என்று நாலு நாள் பேசிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நான் உடைந்துபோனது அதனால் இல்லை. திங்கட்கிழமை காலை நாலாவது தெருவில் ஓட்டுக் கேட்டுக்கொண்டு போனேன். ஆம்புலன்ஸ் டிரைவர் வீடு அங்கேதான். துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவர் ஓடி வந்து நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, எங்க வீட்டு ஆறு ஓட்டும் உங்களுக்குத்தாம்மா, யார் என்ன சொன்னாலும் கவலைப்படாதீங்க என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. என்னைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று அவர் மேலும் சொன்னார், அன்னைக்கு நம்ம நேரம் நல்லா இருந்துச்சும்மா, கேட் தெறந்தே கெடந்துச்சு, கூட்ஸ் எங்கேயோ வழியில நின்னுபோச்சாம், இருபதே நிமிஷத்துல கொண்டுபோய்ச் சேத்துட்டேன், அந்தப் பொண்ணு பொழைச்சதே அதனாலதான் என்றார். நான் தண்ணீரைக் குடித்து முடித்தேன். கத்தரிக்கோல் சின்னம், மறந்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அதற்கு அப்புறம் மூன்று வீடுகளில் ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டிருக்கிறேன், இரண்டாவது வண்டி இருந்திருந்தால் என்று அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன், அது எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் ரயில்வே கேட்காரரிடம் போனேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் பழைய ரெஜிஸ்டரைத் தேடி எடுத்துக் காட்டினார். அந்தச் செவ்வாய்க்கிழமை கேட் போட்டது நான்கு ஐம்பதுக்கு.

பாப்பா, அப்பாவை ஏற்றியிருந்தால் மூன்றரை மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார். அதற்கு மேலும் இருபத்தைந்து நிமிஷம் அவருக்கு உயிர் இருந்தது. நிச்சயம் பிழைத்திருப்பார் என்று சத்தியம் செய்ய மாட்டேன், நர்ஸ் அப்படிச் சொல்லக் கூடாது, ஆனால் அந்த நேரத்துக்குள் வந்தவர்கள் பிழைத்து எழுந்து நடந்துபோனதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வண்டி திரும்பி வரும் வரை அந்தப் பெண்ணின் வயிற்றை நானே அழுத்திப் பிடித்திருப்பேன், அவளும் தாங்கியிருப்பாள். இரண்டு பேருமே பிழைத்திருக்கலாம். அந்த ஒரு வண்டியே போதுமாக இருந்திருக்கிறது. நான் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு போன். கேட்காரர் நம்பர் ஆஸ்பத்திரி மேஜைக்கு மேலே சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது, எனக்கு நன்றாகத் தெரியும். ராணுவத்தில் புது நர்ஸுகளுக்கு நான் முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே அதுதான், ஆளைப் பிரிப்பதற்கு முன்னால் வழி எப்படி இருக்கிறது என்று விசாரி. இருபத்திரண்டு வருஷம் விசாரித்தேன். என் புருஷன் படுத்திருந்தபோது விசாரிக்கவில்லை. நீ அம்மாவா நர்ஸா என்று கேட்டாயே, அன்று நான் நர்ஸாக இருந்திருந்தால் விசாரித்திருப்பேனடி. பயந்துபோயிருந்தேன், அது யாருக்கும் தெரியக் கூடாதென்று குரலை மட்டும் கெட்டியாக வைத்துக்கொண்டு, தெரிந்தவள் போல நடித்தேன். எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பாவின் கண்ணை மூடிவிட்டு நான் நிமிரும்போது வாசலில் ஆம்புலன்ஸ் திரும்பி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அப்போது மணி நான்கு. கேட்டில் நின்றிருந்தால் அது நான்கரைக்கு முன்னால் திரும்பியிருக்கவே முடியாது. இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தாய் என்று நான் டிரைவரிடம் கேட்கவில்லை. அன்று கேட்கவில்லை, மூன்று வருஷத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை. மருந்து கொடுத்த நிமிஷத்தைக்கூட எழுதி வைக்கிறவள் நான். எனக்குத் தெரியாது என்று இப்போது சொன்னால் அது முழு உண்மையாகுமா என்று திங்கட்கிழமையிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பா தலையாட்டினார் என்று உன்னிடம் சொன்னதும் பொய். அவர் தலையாட்டவில்லை. அந்தப் பெண்ணை முதல்ல அனுப்பு என்றும் சொல்லவில்லை, அது என் பொய்யின்மேல் மாமா கட்டிய மாடி. வண்டி வெளியே போகிற சத்தம் கேட்டதும் அப்பா கண்ணைத் திறந்து, எனக்கு வண்டி எப்ப வரும் என்று கேட்டார். அடுத்த டிரிப் உங்களுக்குத்தான் என்றேன். சரி என்றார். நான் சொன்னால் அவருக்கு எப்போதும் சரிதான்.

நாளை சாயங்காலத்தோடு பிரசாரம் முடிகிறது. மார்க்கெட் வாசலில் கடைசிக் கூட்டம். இந்த விஷயத்தை அங்கே சொல்லிவிடப் போகிறேன். மாமாவிடம் நேற்று சொன்னேன். அக்கா, நாலே நாலு நாள் பொறுத்துக்கோ, ஓட்டு முடியட்டும், அப்புறம் நீ என்ன வேணாலும் சொல்லிக்கோ, செத்தவர் வரப்போறதில்லை, இருக்கிற பேரையும் ஏன் கெடுத்துக்கிறே என்று கெஞ்சினான், கடைசியில் நோட்டீஸ் கட்டின்மேல் தலையைச் சாய்த்து அழுதே விட்டான். அவன் அழுது நான் பார்த்து எத்தனை வருஷமாகிறது. அவன் சொல்வதும் எனக்குப் புரிகிறது. இதைச் சொன்னால் தோல்வி நிச்சயம், அதுகூடப் பரவாயில்லை, ஒரு போன் போட்டிருந்தால் போதுமே, அப்புறம் எதற்கு இரண்டாவது வண்டி என்று கேட்பார்கள், ஊருக்கு வண்டியும் வராது. ஒருநாள் நிஜமாகவே கேட் மூடியிருக்கும், நிஜமாகவே இரண்டு பேர் படுத்திருப்பார்கள், அந்தப் பாவமும் என் தலையில்தான் விழும். சொன்னாலும் கெடுதல், சொல்லாவிட்டாலும் கெடுதல், எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு வழி தெரியவில்லை. ஆனாலும் அந்தப் பொய்யை இன்னொரு வாசலில் நின்று சொல்ல என்னால் முடியாது, வாய் வரவில்லை. ஊர் கேட்பதற்கு முன்னால் நீ கேட்க வேண்டும். அதற்காகத்தான் இன்றைக்கே உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் இது உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும், அதற்குள் மாமா மாப்பிள்ளைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பான். இருந்தாலும் உனக்குத்தான் முதலில் எழுதினேன் என்பதைக் உறையில் இருக்கிற தபால் முத்திரையின் தேதியைப் பார்த்துத் தெரிந்துகொள்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நீ மன்னித்துவிட்டால் அதை நான் எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. பதில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. போனை எடுத்தால் மாப்பிள்ளையிடமே கொடு, அவர் குரல் கேட்டாலே நீ அந்த அறையில் இருக்கிறாய் என்று எனக்கு ஒரு நிம்மதி. குட்டிக்குப் புதுப் பல் முளைக்கும்போது நாக்கால் தள்ள விடாதே, பல் கோணிப் போகும். மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். நீ குடும்பத்தோடு நீண்ட நாள் நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு, உன் மகள் உன்னோடு எப்போதும் நீ வா போ என்றே பேசட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. உன் அப்பா வழியில் எல்லோருக்கும் நெஞ்சு பலவீனம், உனக்கும் வயது முப்பத்தைந்தாகிறது, இந்த மாதமே போய் ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார். உன் வீட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்து வைத்துக்கொள். நீயாகக் கணக்குப் போட்டுக்கொள்ளாதே, ஒருநாள் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அந்த வழியாக நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன் அம்மா